ஷார்ஜா வெளிச்சம்

அக்டோபர் 5, ஞாயிறு

ஜெபமாலை முடிந்து வீடு திரும்பும்போது ஏரிக்கரை வளைவில் ஒரு ஜீப் எதிரே வந்தது. பெங்களூர்ப் பதிவு எண். அதன் முகத்தில் எரிந்தவற்றை விளக்கு என்று சொல்ல மாட்டேன். அறுவைச் சிகிச்சை அறையில் நோயாளியின் தலைக்கு மேல் தொங்குமே, அந்தச் சாமான். நான் டிம் செய்து காட்டினேன். மறுபடியும் காட்டினேன். அந்த மனிதன் மரியாதைக்குக்கூடக் குறைக்கவில்லை. காரை ஓரங்கட்டி, கண்ணுக்குள் மிதந்த பச்சை வட்டங்கள் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் அருளப்பன் காபித் தோட்டத்தில் மேலாளராக இருந்த நாளிலிருந்து நான் இந்த ஏற்காட்டில் கார் ஓட்டுகிறேன். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. செய்தித்தாளின் வரி விளம்பரத்தைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன். குறை என் கண்ணில் இல்லை, பிறர் வளர்ப்பில்.

வாசலில் அடுத்த வீட்டுக் கோதண்டம் நின்றுகொண்டிருந்தார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் தெரு நலச் சங்கத்தின் செயலாளர். அதாவது, அடுத்தவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது அவருடைய பதவி.

"என்ன மேடம், இருட்டுல தனியா டிரைவிங்கா? இந்த வயசுல எதுக்கு ரிஸ்க்?"

"எந்த வயசுல சார்?" என்று கேட்டேன். உள்ளே போய்விட்டார்.

மகன் ரெமியிடம் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தான். "லீவுக்கு வரும்போது ஒண்ணு கொண்டுவரேன்மா. இனிமே நீங்க எவனுக்கும் ஒதுங்க வேண்டியதில்ல."

அக்டோபர் 9, வியாழன்

ரெமி வந்துவிட்டான். ஷார்ஜாவில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் கணக்கெழுதுகிறான். ஞானஸ்நானத்தில் ரெமிஜியுஸ் என்று அழகாகப் பெயர் வைத்தோம். அங்கே எல்லோரும் ரெமோ என்கிறார்களாம். மருமகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மெலிந்திருக்கிறான். கேட்டால் ஜிம் என்கிறான்.

பெட்டியைத் திறந்தான். பேரீச்சம்பழம், பால்பவுடர், தலைவலித் தைலம். அடியில், கம்பளிக்குள் கைக்குழந்தையைப் போலச் சுற்றிவைத்த இரண்டு அட்டைப்பெட்டிகள்.

"புரொஜெக்டர் எல்.இ.டி.ம்மா. ஸ்பேர் பார்ட்ஸ் தெருவுல ரெண்டு ராத்திரி அலைஞ்சு வாங்கினேன். உங்க வண்டி லைட்டைப் பிரிச்சு உள்ளே மாட்டணும். நானே மாட்டறேன்."

"உனக்குப் பல்பு மாட்டவே வராதேடா."

"வீடியோ பாத்திருக்கேன்மா."

வீடியோ பார்த்திருக்கிறானாம். போப்பாண்டவர் பூசை வைப்பதை நானும்தான் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 11, சனி

எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

காய்கறிக் கடைக்குப் போய்த் திரும்பினேன். வாசலிலேயே பிளாஸ்டிக் கருகும் நாற்றம். சமையலறையில், கிறிஸ்துமஸ் கேக் சுடும் என் ஓவனுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், என் காரின் முகப்பு விளக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க. முன்பக்கக் கவரை உள்கூட்டோட பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. சூடு காட்டினா பசை இளகும். பிரிச்சு, உள்ளே புது லைட்டை வெச்சு, திரும்ப ஒட்டிரலாம். எல்லாரும் இப்படித்தான்மா செய்றாங்க."

"எல்லாரும்னா யாரு? அவங்க வீட்ல அம்மா இல்லையா?"

"அஞ்சு நிமிஷம்மா. கேக் மாதிரிதான்."

"கேக்குல பிளாஸ்டிக் கிடையாது."

வெந்த விளக்கைத் துணியில் பிடித்து வெளியே எடுத்து, திருப்புளியை ஓரமாகச் செருகி நெம்பினான். பசை நூல் நூலாக இழுபட்டது. ஊதி ஊதித் தொட்டான். எனக்கு வேறு வேலை இல்லாததால் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசைக்குப் பின் நாள் முழுக்க ஷெட்டில். பழைய விளக்கின் வெள்ளிக் கிண்ணத்தை அறுத்து, அதில் புதிய குமிழை வைத்து, திருகி, ஒட்டி, காரில் பொருத்தினான். நான் டார்ச் பிடித்தேன். "கொஞ்சம் மேலம்மா, கொஞ்சம் கீழம்மா" என்று என்னை ஏவினான். விரல் முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். டெட்டால் போடவந்தபோது சின்னப் பிள்ளையைப் போலக் கையை இழுத்துக்கொண்டான்.

இருட்டியதும் எதிர்மதிலில் வெளிச்சத்தைப் போட்டுக் காட்டினான். ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் இருந்தது. கோட்டுக்குக் கீழே பால் வெளிச்சம், மேலே இருட்டு. வலது பக்கம் மட்டும் அந்தக் கோடு படியேறி, மதிலைத் தாண்டி, கொய்யா மரத்தின் கிளையில் போய் உட்கார்ந்தது. பழைய விளக்கு இடது பக்கம்தான், சாலையோரப் பள்ளத்தை ஒட்டி, சற்றே ஏறி விழும்.

"எப்படிம்மா?" என்றான். என் பாத்திரம் துடைக்கும் துண்டில் கரியைத் துடைத்துக்கொண்டு நின்றான். சிரிக்கும்போது அவன் அப்பாதான்.

நன்றாக இருக்கிறது என்றேன். துண்டைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஓவனை எலுமிச்சையும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்தேன். நாற்றம் போகவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

ரெமி காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலைக்குப் போய்வந்தோம். எதிரே வந்த பேருந்து இரண்டு முறை பிரைட் அடித்துக் காட்டியது. "பொறாமைம்மா" என்றான் ரெமி.

இரவுச் சாப்பாட்டின்போது ஒரு வழுவழுப்பான புத்தகத்தை மேசையில் வைத்தான். கோயம்புத்தூருக்கு வெளியே முதியோருக்கான குடியிருப்பாம். அட்டையில் பல் நிறையச் சிரிக்கும் ஒரு தம்பதி செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

"சும்மா பாருங்கம்மா. சாப்பாடு, டாக்டர், எல்லாம் உள்ளேயே."

"ஜெயில்லயும் எல்லாம் உள்ளேதான்."

"நீங்க இங்க தனியா இருக்கீங்கன்னு எனக்கு அங்க தூக்கம் வரல."

"கார் ஓட்டத் தெரிஞ்சவ தனியா இல்லை" என்றேன். அவன் புத்தகத்தை மூடினான். ஆனால் எடுத்துப் போகவில்லை. மீன்குழம்புப் பாத்திரத்தை அதன்மேல் இறக்கிவைத்தேன்.

அக்டோபர் 22, புதன்

ரெமி போய்விட்டான். மழை.

அக்டோபர் 27, திங்கள்

இந்த ஊருக்கு என்ன வந்துவிட்டது? நான் என் பக்கத்தில், என் வேகத்தில், டிம்மில்தான் போகிறேன். எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஹாரன் அடிக்கிறார்கள், பிரைட் போட்டு மிரட்டுகிறார்கள். இன்று ஒரு டெம்போக்காரன் கண்ணாடியை இறக்கி, "ஏய் பாட்டி, லைட்டைக் கொறை!" என்று கத்திவிட்டுப் போனான். குறைத்துத்தானே இருக்கிறது? அதற்குக் கீழே குறைக்க வேண்டுமென்றால் மெழுகுவர்த்தி ஏந்தித்தான் வர வேண்டும்.

பிறர் கண்ணைக் குருடாக்கும் விளக்குகளைப் போட்டுக்கொண்டு மலையேறி வரும் சுற்றுலா வாகனங்களைப் பற்றிக் காவல் நிலையத்துக்கு விரிவாக ஒரு புகார் எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நவம்பர் 3, திங்கள்

புகாரைப் பற்றிப் பேச ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். மரியாதையான பெண். காபி கொடுத்தேன்.

"லெட்டர் ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க மேடம். ஸ்டேஷன்ல எல்லாரும் படிச்சோம்." பிறகு டம்ளரை உருட்டிக்கொண்டே, "ஆனா உங்க வண்டி லைட்டும் அடிக்குதுன்னு ரெண்டு பேரு சொன்னாங்க. டிம்ல போட்டு ஓட்டுங்க மேடம், ஞாபகமா" என்றார்.

ஞாபகமாக! டிம் எது, பிரைட் எது என்று எனக்கு ஞாபகம் இருக்காதாம். இந்தப் பெண் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் டிம் போடுகிறேன்.

நவம்பர் 8, சனி

கோயிலில் நான் நடத்தும் பாடற்குழுப் பயிற்சி முடிந்து வரும்போது, ஏரிக்கரை வளைவில்.

எதிரே ஒரு மொபெட் ஏறி வந்தது. நான் டிம்மில் இருந்தேன். என் பக்கத்தில் இருந்தேன். என் வெளிச்சம் அந்த மனிதன் மேல் விழுந்ததும் அவர் ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஒற்றைக் கையில் வண்டி ஆடியது. சாய்ந்து சாக்கடைக்குள் போய்விட்டது.

இறங்கி ஓடினேன். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி கடை வைத்திருக்கும் செங்கோடன். தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எம்மேல ஏத்திப்புடாதீங்க" என்று அலறினார். என் கார் பத்தடி தள்ளி நின்றது. தொடவே இல்லை.

அவ்வழி வந்த இருவர் அவரைத் தூக்கிப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். நான்தான் அரசு மருத்துவமனைக்கு ஓட்டிப் போனேன். தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் காரை எலும்பு முறிந்திருக்கிறது. மாவு படிந்த கையோடு அவர் மனைவி ரஞ்சிதம் ஓடிவந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நிமிர்ந்து நின்றேன்.

"வயசான அம்மா, என்னத்த சொல்றது" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குக் கண் தெரியவில்லையாம்.

கோயிலில் எனக்குப் படியிறங்கக் கை கொடுக்கிறார்கள். கோதண்டம் என்னிடம் பேசும்போது ஒவ்வொரு சொல்லாக, உரக்க, வாயை அகலத் திறந்து பேசுகிறார். கண் தெரியாதவள் என்றால் காதும் கேட்காது என்று அவருக்கு யார் சொன்னது? "மேடம்... நீங்க... ஒண்ணும்... கவலைப்படாதீங்க. ரெமிகிட்ட... நான்... பேசிட்டேன்."

பேசிவிட்டார்தான். மாலையில் ரெமி அழைத்தான். அழுதிருப்பான் போலிருக்கிறது.

"கோயம்புத்தூர்ல ரூம் சொல்லிட்டேன்மா. அட்வான்ஸ் கட்டியாச்சு. கிறிஸ்துமஸுக்கு வரேன். நீங்க என்னோட கிளம்பறீங்க. அதுவரைக்கும் கார் சாவியைக் கோதண்டம் அங்கிள்கிட்ட குடுத்துருங்க."

"குடுக்க மாட்டேன்."

"அந்த ஆளு செத்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?"

போனை வைத்தேன். சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

நவம்பர் 12, புதன்

பேருந்தில் சேலம் போனேன். கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, முகவாயைத் தாங்கியில் வைத்து, எல்லா எழுத்தையும் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிக்குக் கீழே அந்த எழுத்து அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பெயர் இருந்தது. அதையும் சேர்த்துப் படித்தேன். பார்வையில் குறை ஏதுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

கோதண்டத்திடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார்.

"சர்ட்டிபிகேட் கரெக்ட்தான் மேடம். ஆனா ரோடு வேற இல்லீங்களா?"

நவம்பர் 15, சனி

பாடற்குழுவுக்கு இன்று பகலிலேயே போய்விட்டேன். வழியில் இருவர் எனக்காகத் தங்கள் வண்டிகளை நிறுத்தி, நான் கடந்து போகும்வரை காத்திருந்தார்கள். யானை போகும்போது நிற்பார்களே, அப்படி.

ஃபாதர் தனியே அழைத்து, "இந்த வருஷம் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கலாமே" என்றார். கீழ்க்குரலில் ஆல்ட்டோ பாடும் பெண்கள் சுருதி சேரும்வரை எனக்கு ஓய்வு இல்லை என்று சொல்லிவிட்டேன். அதனால் நேரமாகி, பயிற்சி முடியும்போது இருட்டிவிட்டது.

என் கார் கோயிலை ஒட்டிய பங்கு மன்றத்தின் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு டாக்சி, அதுவும் சுவரைப் பார்த்து. நான் விளக்கைப் போட்ட அதே நேரத்தில் டாக்சிக்காரரும் போட்டார். சுவரில் இரண்டு வெளிச்சங்கள். டாக்சியின் வெளிச்சம் இடது பக்கம் ஏறியது. என்னுடையது வலது பக்கம் ஏறியது. ஒருவர் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நிற்பதைப் போல.

வலது பக்கம் என்றால், எதிரே வருகிறவரின் முகம்.

இது இன்றுதான் என் கண்ணில் பட்டது.

நவம்பர் 16, ஞாயிறு

உறுதி செய்யாமல் எதையும் நம்புகிறவள் அல்ல நான். மாலை பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு நீண்ட சுவரின் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்புகிற வண்டிகளின் வெளிச்சம் அந்தச் சுவரில் விழுந்து போகும். லாரி, வேன், கார், எல்லாமே இடது பக்கம்தான் தூக்கி அடித்தன. பெங்களூர் ஜீப்புகள்கூட.

ஷார்ஜாவில் சாலையின் வலது ஓரத்தில் வண்டி ஓட்டுவார்கள். அந்த ஊருக்குச் செய்த விளக்கு அந்த ஊரின் ஓரத்தைத்தான் காட்டும். எதிரே வருகிறவரின் கண் கூசாமலிருக்க இடது பக்கத்தை இருட்டாக விட்டுவைக்கும். ரெமி அங்கே பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறான். அதைக் கம்பளியில் சுற்றி இங்கே கொண்டுவந்தான்.

தெரிந்தவர் ஒருவர் வந்து, "வழி தெரியலீங்களா அம்மா? வீட்டுக்குக் கொண்டு விடட்டுங்களா?" என்று கேட்டார்.

நவம்பர் 17, திங்கள்

கேக்குக்குப் பழங்களை நறுக்கி ரம்மில் ஊறவைத்தேன். இந்த வருட உலர்திராட்சை மோசம். காம்பு ஆய்வதற்குக்கூட யாருக்கும் பொறுமை இல்லை.

ரெமி அழைத்தான். கோயம்புத்தூர் அறையின் ஜன்னலிலிருந்து மலை தெரியுமாம். இங்கே மலைமேலேயே இருக்கிறேன் என்றேன். விளக்கைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு அலுவலகத்தில் ஆடிட் நேரம்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. பனி. திரைச்சீலைகளைத் துவைத்தேன், காயவில்லை.

நவம்பர் 20, வியாழன்

கோதண்டம் ஒருவரை அழைத்துவந்தார். சேலத்தில் பழைய கார் வாங்கி விற்பவராம். என்னைக் கேட்காமல் ஷெட்டைத் திறந்து, பானெட்டைத் தட்டி, டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலறை ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது.

"லைட்டெல்லாம் ஷோக்கா போட்டிருக்காங்களே! யாரு ஓட்டுறது?"

"அந்தம்மாதான். பாவம், அவங்களுக்கே தெரியல, கண்ணு போயிருச்சுன்னு. நாமதான் எடுத்துச் சொல்லாம செய்யணும்."

பாவம். இந்தச் சொல்லை என் கணவர் சாகக் கிடந்தபோதுகூட என் வீட்டு வாசலில் யாரையும் சொல்லவிட்டதில்லை.

கரண்டியோடு வெளியே போனேன். "இந்த வண்டி விற்பனைக்கு இல்லை. ஷெட்டைச் சாத்திட்டுப் போங்க" என்றேன். போனார்கள். கோதண்டம் போகும்போது அந்த ஆளிடம் தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டியதையும் பார்த்தேன். கண் தெரியாதவள் பார்த்தேன்.

ரெமியை அழைத்தேன். ஆடிட்டாவது மண்ணாவது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டாக்சி, சுவர், வலது, இடது, செங்கோடன் தூக்கிய கை.

"அப்ப... நான் மாட்டினதாலயா அந்த ஆளு விழுந்தாரு?"

"ஆமா."

பிறகு மெதுவாகக் கேட்டான்: "அன்னிக்கு மதில்ல போட்டுக் காட்டினப்ப நீங்க பக்கத்துலயேதானே நின்னீங்க? சுவத்துல படம் ஒரு நூல் சாய்ஞ்சிருந்தா கண்டுபிடிச்சிருவீங்களேம்மா. அது உங்க கண்ணுல படலையா?"

லைன் சரியில்லை. வைத்துவிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் ரெமியின் குரல் செய்தி வந்திருந்தது. இரண்டு முறை கேட்டேன். சரியாகத்தான் கேட்டிருக்கிறேனா என்று பார்க்க.

"அம்மா, நான் நல்லா யோசிச்சேன். இதை யார்கிட்டயும் சொல்லிக்க வேண்டாம். வண்டியில சட்டவிரோதமா மாத்தினாங்கன்னு கேஸ் ஆகும். அந்த ஆளு நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போவாரு. கண்ணு மங்கல்னே இருந்துட்டுப் போகட்டும்மா. வயசானவங்கன்னா விட்டுருவாங்க. நீங்க எப்படியும் கோயம்புத்தூர் போகப்போறீங்கதானே."

விட்டுவிடுவார்களாம்.

என் மகன் கோழை அல்ல. பயந்துவிட்டான், அவ்வளவுதான். ஆனால் அவன் சொல்வதை நன்றாக யோசித்துப் பார்க்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் இந்த ஊர் என்னை ஒன்றும் சொல்லாது. கை கொடுத்துப் படியிறக்கும், காரை விற்றுக் கொடுக்கும், பெட்டியைக் கட்டி வழியனுப்பும். எல்லோரும் அன்பாக இருப்பார்கள். வாயைத் திறந்தால் என் வீட்டில் இருப்பேன், ஆனால் குற்றவாளியாக.

குற்றவாளியையாவது நேராக நின்று பேசச் சொல்லுவார்கள்.

நவம்பர் 22, சனி

வெளுத்த நீலப் பருத்திச் சேலை. கைப்பை. பகல் வெளிச்சத்தில் காரை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன்.

செங்கோடன் கடைக்குள் முக்காலியில், தோளைச் சுற்றிக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். ரஞ்சிதம் அடுப்படியில். கடைக்கு முன்னால் நாலைந்து பேர். அதில் கையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு கோதண்டமும். சரி, அவரும் கேட்கட்டும்.

"வாங்கம்மா" என்று செங்கோடன் எழுந்திருக்கப் பார்த்தார். "எதுக்கு இவ்வளவு தூரம்? பரவால்லீங்க. வயசானா கண்ணு அப்படித்தான்."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றேன். "உங்களைத் தள்ளினது என் வண்டி லைட்டு. வெளிநாட்டு லைட்டு. அது எதிர்ல வர்றவங்க முகத்துல அடிக்கிற மாதிரி செஞ்சது. அதை என் வண்டியில மாட்டியிருக்கவே கூடாது. தப்பு என்மேல."

ரஞ்சிதம் ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரு மாட்டுனது?"

"வீட்லயே மாட்டினோம்."

"அப்போ கண்ணு நல்லாத் தெரிஞ்சுதான் எம் புருசனச் சாக்கடையில தள்ளுனியா நீ?"

"ரஞ்சிதம், விடு புள்ள" என்றார் செங்கோடன்.

"நீ சும்மா கெட! பாவம் கெழவி, கண்ணு அவிஞ்சு போச்சேன்னு மாதா கோயில் பக்கம் போறப்பல்லாம் இதுக்கும் சேத்துல்ல கும்புட்டுக்கிட்டு வந்தேன்! அவிஞ்சது கண்ணு இல்லையாம்ல! படிச்சவதானே நீ? வெளிநாட்டு லைட்டு இல்லாம உனக்கு ரோடு தெரியாதா? இங்க பாரு, இந்த மனுசனுக்குச் சட்டை மாட்டிவுட ஒரு ஆளு, தல சீவ ஒரு ஆளு. கடலமாவு கலக்கறதும் நானு, காசு வாங்கறதும் நானு. ஒரு நாளு ரெண்டு நாளா? இதுல உன்னைத் திட்டக்கூட மனசு வராம வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்!"

அவள் என்னை நீ என்றாள். கிழவி என்றாள். பஜ்ஜி வாங்க வந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லையும் மெதுவாக்கவில்லை, ஒரு சொல்லையும் எனக்காக விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மாதத்தில் பாவம் பார்க்காமல் முழுக்குரலில் என்னோடு பேசிய முதல் மனுஷி. நான் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டேன். குறுக்கே பேசவில்லை.

மூச்சு வாங்க நிறுத்தினாள். நெற்றியை முழங்கையால் துடைத்தாள்.

"செவ்வாக்கெழமை சேலத்துல எலும்பு டாக்டரு வரச் சொல்லியிருக்காரு. பஸ்சுல போனா வளைவுக்கு வளைவு தோளு குலுங்குது, இந்த மனுசன் புள்ள மாதிரி அழுவறாரு. உன் வண்டியிலதான் கூட்டிக்கிட்டுப் போகோணும்."

"வரேன்" என்றேன்.

கோதண்டம் தொண்டையைச் செருமினார். "ரஞ்சிதம், யோசிச்சுப் பேசு. மேடம் இருக்கிற நிலைமையில இருபது வளைவு இறங்கறதுன்னா..."

"நீங்க சும்மா இருங்க சார். கண்ணு நல்லாருக்குன்னு அதுவே சொல்லுது. அப்பறம் என்ன நெலம? பஜ்ஜி ஆறுது, தின்னுங்க."

அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போனேன். எஸ்.ஐ. கேட்டுக்கொண்டு, விளக்கை மாற்றியதற்காக அபராதம் எழுதினார். விழுந்தவர் விரும்பினால் தனியே புகார் கொடுக்கலாம் என்றார். அதுவும் சரிதான் என்றேன். சரியான விளக்கு வரும்வரை இருட்டில் ஓட்டக் கூடாது என்றார். அதற்கு அவர் சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் 24, திங்கள்

ரெமிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். யார் மாட்டியது என்பதைத் தவிர மற்றவற்றை ஊரில் சொல்லிவிட்டேன் என்றும், கோயம்புத்தூரில் கட்டிய அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொள் என்றும்.

நாள் முழுக்கப் பதில் இல்லை. சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்த பிறகு வந்தது: "சரிம்மா. கேன்சல் பண்ணிட்டேன். செங்கோடன் அண்ணனை நான் வந்து பாக்கணும். நான்தான்னு நானே சொல்லிக்கறேன். மன்னிச்சிருங்க."

கடைசி வார்த்தைக்குப் பதில் எழுதத் தொடங்கி, அழித்து, மறுபடி தொடங்கினேன். முடிவில், "கிறிஸ்துமஸுக்கு வரும்போது வெறுங்கையோடு வா" என்று எழுதி அனுப்பினேன்.

நவம்பர் 25, செவ்வாய்

காலையில் கிளம்பினோம். செங்கோடன் முன் சீட்டில், தோளுக்கு ஒரு தலையணையோடு. ரஞ்சிதம் பின்னால், மடியில் சாப்பாட்டுத் தூக்கு. அவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு, நம் ஊர்ச் சாலைக்கான முகப்பு விளக்குகளைச் சேலத்தில் ஒரு பட்டறையில் மாட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

கோதண்டம் தன் கேட்டில் நின்று பார்த்தார். நான் ஹாரன் அடித்தேன். தேவையில்லாமல் ஹாரன் அடிப்பது எனக்குப் பிடிக்காது. இன்று அடித்தேன்.

முதல் வளைவில் செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவதில் திறந்தார். ஐந்தாவது வளைவுக்குள் ரஞ்சிதம் ஆரம்பித்துவிட்டாள்.

"இப்படி ஊர்ந்துக்கிட்டுப் போனா டாக்டரு சோத்துக்குப் போயிருவாரு. கொஞ்சம் வெரசாத்தான் போறது?"

என் ஓட்டத்தை மெதுவென்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. தோள் குலுங்காமல் இறக்கச் சொன்னது நீதானே என்று கேட்டேன்.

"குலுங்காம போன்னேன். நின்னுக்கிட்டே போன்னா சொன்னேன்?"

அடுத்த வளைவில் கீழிருந்து ஒரு பேருந்து ஏறி வந்தது. காரை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தினேன்.

"அவன் நிக்கட்டும்! நீ போ!"

மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்றும், இறங்குகிறவர் நிற்க வேண்டும் என்றும், பாரத்தோடு ஏறுகிறவன் நின்றால் மறுபடி கிளப்புவது கடினம் என்றும் விளக்கமாகச் சொன்னேன். பேருந்து கடந்தது. ஓட்டுநர் கையைத் தூக்கி நன்றி காட்டிவிட்டுப் போனார்.

பின்னால் தூக்கு இடம் மாறும் ஓசை கேட்டது.

"இத்தனை தெரிஞ்சு வெச்சிருக்கே" என்றாள் ரஞ்சிதம். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அந்த லைட்டு தப்பா அடிக்குதுன்னு மட்டும் எப்படித் தெரியாம போச்சு உனக்கு?"

கண்ணாடியில் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கோடனும் திரும்பினார்.

"வளைவுல வண்டி ஓட்றவங்ககிட்ட பேசக் கூடாது" என்றேன்.

"சரி, வளைவு முடியட்டும். கேக்கறேன்."

கியரை மாற்றினேன். நல்லவேளையாக, இந்த மலையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை.